மகள் தமிழில் பதில் சொல்லாவிட்டால்

தங்கச்சி, கனடாவின் ஸ்காபரோவில் இப்போதே வீடு வாங்குவதா, கணவர் எந்தத் தொழிலுக்குப் படிப்பது, ஒன்பது வயது மகள் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வதற்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் நீங்கள் கேட்காமலே ஆளுக்கொரு பதிலோடு உறவினர்கள் வருவார்கள். அவற்றை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, மகளை உங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். நாங்கள் வந்த புதிதில், ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைப் பற்றிய கேள்விகளை, அங்கிருந்தவர் என் முகத்தைப் பாராமல் பக்கத்தில் நின்ற என் மகனிடமே கேட்டார். தகப்பனுக்காகப் பேச வேண்டி வரும் பிள்ளை, தகப்பனின் மொழியை ஒரு குறைபாடாகவே பார்க்கத் தொடங்கும். இரவு முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, உறைபனியில் பேருந்து பிடித்துக் காலை வகுப்புக்குப் போய் நான் ஆங்கிலம் படித்தது அதனால்தான். நிரந்தர வதிவிட உரிமையோடு வருபவர்களுக்கு மத்திய அரசின் நிதியில் நடக்கும் லிங்க் (LINC) என்னும் மொழி வகுப்புகள் இலவசம். நீங்களும் கணவரும் இந்த மாதமே பதிந்துகொள்ளுங்கள். வைத்தியரிடம் போவதற்கு இன்றும் பிள்ளையின் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்கும் பழைய ஆட்கள் சிலரை நான் அறிவேன். தமிழை முதலில் கைவிட்டவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தான்.

தமிழ் வகுப்புக்குத் தாராளமாக அனுப்புங்கள். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 25 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால், கல்விச் சபை அந்த மொழிக்கு ஒரு வகுப்பை ஒழுங்கு செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் வகுப்பு எழுத்தைத்தான் கொடுக்கும், பெருமையைக் கொடுக்காது. பொருள் விளங்காத பேச்சை மனனம் செய்து ஒப்புவித்துக் கேடயம் வாங்கிய பிள்ளையிடம், மேடையை விட்டு இறங்கியதும் தாயே ஆங்கிலத்தில் சப்பாத்தைப் போடச் சொல்லும் வேடிக்கையை நீங்களும் விரைவில் காண்பீர்கள். தை மாதக் கொண்டாட்டங்களைக் குறை சொல்லவில்லை. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2014இல் ஒன்ராறியோவும் 2016இல் கனடா நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். என்றாலும், பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய குத்துவிளக்குப் படத்தைப் பார்த்து, இதில் எங்கள் வீட்டுக் கதை எங்கே என்று பிள்ளை கேட்டால், அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் அல்லவா?

தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக்கொள்வது இங்குள்ள வழக்கமாகிவிட்டதால், என் பிள்ளைகள் என் ஐயாவின் நீண்ட பெயரைச் சுமந்தார்கள். வகுப்பில் யாருக்கும் வாயில் வராத அந்தப் பெயரைப் பாதியாக வெட்ட வேண்டும் என்று மகன் ஒருமுறை பிடிவாதம் பிடித்தான். 1995 ஒக்ரோபர் முடிவில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே இடம்பெயர்ந்து, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு மக்கள் நெருக்கியடித்துக் கொண்டு நடந்த மழை இரவில், ஆசிரியரான ஐயா நகைப்பெட்டியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, தன் வகுப்பு இடாப்பை, அதாவது பிள்ளைகளின் பெயர்ப் பதிவேட்டை, சாரத்துக்குள் செருகிக்கொண்டு போன கதையை அவனுக்குச் சொன்னேன். அங்கே போய்ச் சேர்ந்தபின், அந்த இடாப்பில் இருந்த பிள்ளைகள் எந்தெந்த முகாமில் இருக்கிறார்கள் என்று அவர் தேடித் திரிந்ததையும் சொன்னேன். ஐயா ஏன் நகையைக் கொடுத்துவிட்டு இடாப்பை வைத்துக்கொண்டார் என்று அவன் பல நாட்கள் கேட்டுக்கொண்டே இருந்தான். பெயரை வெட்டும் பேச்சு அதோடு நின்றது. தமிழில் பதில் சொல்ல அவனுக்கு மேலும் சில வருடங்கள் பிடித்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே மகள் ஆங்கிலத்தில் சொல்லட்டும். நீங்கள் தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே கதை சொல்லுங்கள். வாரம் ஒருமுறை ஊரிலுள்ள அம்மம்மாவோடு அவளைத் தனியே தொலைபேசியில் பேச விடுங்கள். பக்கத்தில் நின்று உச்சரிப்பைத் திருத்த வேண்டாம்.