கண்ணாடியைச் சூடாக்கினால் அணுவின் மேலுள்ள இழுவிசை கூடுமா?

கேள்வி: வெற்றிட அறையில், கண்ணாடிப் பரப்புக்குச் சில மைக்ரோமீட்டர் தள்ளி மீக்குளிர் ரூபிடியம் அணுக்களைப் பிடித்து வைத்திருக்கிறோம். கண்ணாடியைச் சூடாக்கினால், பரப்பு அணுக்களை இழுக்கும் விசை (காசிமிர்-போல்டர் விசை) மாறுமா? எவ்வளவு?

பதில்: மாறும், ஆனால் முதலில் தூரத்தைப் பாருங்கள். 2.29 மில்லிமீட்டரைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வெப்ப அலைநீளம் (வெப்பக் கதிர்வீச்சின் விளைவு எந்தத் தூரத்தில் தெரியத் தொடங்கும் என்பதற்கான அளவுகோல்) கிடைக்கும். 300 கெல்வினில் அது சுமார் 7.6 மைக்ரோமீட்டர், 77 கெல்வினில் ஏறக்குறைய 30. அணு இதைவிட மிக நெருக்கத்தில் இருந்தால் வெற்றிடத்தின் குவாண்டம் ஏற்ற இறக்கங்களே (வெற்றிடத்திலும் ஓயாத மின்காந்தப் புல அசைவுகளே) விசையைத் தீர்மானிக்கும். 1 மைக்ரோமீட்டரில் வெப்ப விளைவைத் தேடுவது வீண் வேலை.

அணுக்கள் நானோகெல்வின் (கெல்வினில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவிலான குளிரில் இருக்கின்றனவே என்று குழம்ப வேண்டாம். கணக்கில் வருவது பரப்பும் அறைச்சுவர்களும் உமிழும் கதிர்வீச்சின் வெப்பநிலைதான்.

பலர் சறுக்கும் இடம் இதுவே: கண்ணாடியின் வெப்பநிலையை மட்டும் சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். சுவர்கள் வேறு வெப்பநிலையில் இருந்தால், இரு வெப்பநிலைகளின் வர்க்கங்களுக்குள்ள வித்தியாசத்துக்கு ஏற்பக் கூடுதல் விசை ஒன்று சேரும். கண்ணாடியும் சுவர்களும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போதுள்ள சமநிலை விசை, எட்டத்தில் தூரத்தின் நான்காம் படிக்கு ஏற்பத் தேயும். இந்தக் கூடுதல் விசையோ மூன்றாம் படிக்கு ஏற்பத்தான் தேயும் என்பதால் எட்டத்திலும் தாக்குப்பிடிக்கும். சுவர் 310 கெல்வினில் இருக்க, கண்ணாடியை 479-இலிருந்து 605-க்கு ஏற்றினால் அந்த வித்தியாசம் இரட்டிப்பாகும், போட்டுப் பாருங்கள். 2007-இல் அமெரிக்காவின் ஜிலா ஆய்வகம் இதே வெப்பநிலைகளில், 7 முதல் 11 மைக்ரோமீட்டர் தூரத்தில் அளந்தது. கண்ணாடி அறை வெப்பநிலையில் இருந்ததோடு ஒப்பிட்டால், 605 கெல்வினில் விசையின் விளைவு கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. மாறாக, சுவர் கண்ணாடியைவிடப் போதிய அளவு சூடாக இருந்தால் எட்டத்தில் விசை தள்ளுவிசையாகவும் மாறலாம்.

இவ்வளவு சிறிய விசையை நேரடியாக அளக்க முடியாது. அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பொறிக்குள் அணுமேகத்தை ஆட்டிவிட்டு அலைவெண் மாற்றத்தைப் பாருங்கள்; அதுவும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அலைவெண்ணை நகர்த்துவது விசையின் சரிவு, அதாவது தூரத்தோடு விசை மாறும் வீதம். சமநிலையில் அது தூரத்தின் ஐந்தாம் படிக்கு ஏற்பத் தேயும் என்பதால், தூரத்தில் 5 சதவீதப் பிழை விடையில் சுமார் 25 சதவீதமாக வந்து நிற்கும். சூட்டில் கண்ணாடி விரிந்து பரப்பு நகரும்; ஒவ்வொரு வெப்பநிலையிலும் தூரத்தைப் புதிதாக அளவிடுங்கள்.

இன்னொரு தொல்லை, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரூபிடியம். அது உண்டாக்கும் மின்புலமும் அணுக்களை இழுத்து, வெப்ப விளைவு போலவே வேடம் போடும். வெளியிலிருந்து தெரிந்த அளவு மின்புலம் கொடுத்து அணுமேகத்தின் எதிர்வினையைப் பார்த்தால் ஒட்டிய அணுக்களின் பங்கைப் பிரித்துக் கழிக்கலாம். சூடாக்கினால் ஒட்டிய அணுக்கள் இடம் மாறும் என்பதால், இந்தச் சோதனையையும் வெப்பநிலைதோறும் செய்தாக வேண்டும்.