உப்புக்காற்றின் மேல் பழி: பின் பிரேக் தகராறில் என்ன கேட்கலாம்?

கேள்வி: மண்டபம் ஊரில் கடலை ஒட்டி எங்கள் வீடு. குடும்பத்துக்காக ராமநாதபுரம் ஷோரூமில் 11 லட்சத்துக்கு வாங்கிய கார், வாரண்டி முடியவில்லை. கொஞ்ச தூரம் ஓடினாலே பின்னால் இடது சக்கரம் கொதிக்கிறது, தீய்ந்த வாடை வருகிறது. சர்வீஸ் சென்டரில் பிரேக் பேடை மட்டும் மாற்றி 4,800 ரூபாய் வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே கதை. இப்போது, பேடை டிஸ்க் தட்டில் அழுத்திப் பிடிக்கும் பாகமான காலிப்பரைக் காட்டி, "காலிப்பரே போய்விட்டது, உப்புக்காற்று அரித்தது, வாரண்டியில் வராது" என்கிறார்கள். கழற்றிய பேட்கள் வீட்டில் கிடக்கின்றன. புதுக் கார் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: புதுக் கார் கேட்காதீர்கள். குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டியின் கடமை, அதற்காக முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு காலிப்பருக்காகப் புது வண்டி கேட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் இழுபடும்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் முறை போனபோதே அவர்கள் கோளாறைக் கண்டுபிடிக்கவில்லை. பேட் தேய்ந்தது விளைவுதான். ஏன் தேய்ந்தது என்று பார்த்திருக்க வேண்டும். சட்டத்தில் இதற்குப் பெயர் சேவைக் குறைபாடு.

அந்தப் பழைய பேட்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பக்கத்து பேட் இரும்பு வரை தேய்ந்து, வெளிப்பக்கத்து பேடில் பாதி மிச்சம் இருந்தால், பெரும்பாலும் காலிப்பர் நகர்கிற ஆணி, அதாவது பின் (pin), இறுகியிருக்கிறது. பேடை மாற்றும்போது அந்தப் பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும். வைத்தார்களா என்பதை சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவான ஜாப் கார்டு சொல்லும். இரண்டு பேடையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், கவரில் போட்டுத் தேதி எழுதுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் முதல் சாட்சி.

அப்புறம், சொந்தமாக ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால், காலிப்பரில் உள்ள ஹேண்ட்பிரேக் நெம்புகோல் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் கேபிளிலோ அந்த நெம்புகோலிலோ கோளாறு. காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் சுற்றினால் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் அடைப்பு இருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் அந்த நகரும் பின் (pin) அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன். 'பிரேக் ரிப்பேர்' என்று ஒற்றை வரி பில் எதற்கும் உதவாது. எந்தப் பாகம், என்ன நிலை என்று இருக்க வேண்டும்.

உப்புக்காற்று வாதத்துக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. ராத்திரி வெளியே நின்ற காரில் விடியும்போது டிஸ்க் மேல் துரு படியும், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதைப் புகாரில் சேர்க்காதீர்கள். ஆனால் வாரண்டியில் வராது என்று சொல்கிறவர்தான் எந்த விதிப்படி என்று காட்டி, அரிப்புதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டும். கடலோர மாவட்டத்தில் கடை வைத்துக் கார் விற்றவருக்குக் கடல்காற்று புதுசா என்ன? மறுப்பை வாயால் கேட்டு வராமல் எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் ஷோரூமுக்கும் தயாரிப்பாளருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், பதில் தர 15 நாள் அவகாசம். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், தயாரிப்பாளரின் ஊருக்கு அலைய வேண்டாம். கார் விலையைக் கணக்கில் வைத்தாலும் கட்டணம் 400 ரூபாய்தான். காலக்கெடு 2 ஆண்டு. பாகத்தைச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. காலிப்பரை இலவசமாக மாற்றுவது, 4,800 ரூபாய், மெக்கானிக் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு: இவற்றைக் கேளுங்கள்.

அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். சூடேறி பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பிடிக்காமல் போகும். "கோளாறு தெரிந்தே ஓட்டினார்" என்று எதிர்த்தரப்பு சொல்லவும் இடம் கொடுத்தது ஆகும்.

நோட்டீஸ் போனதும் சமாதானத்துக்குக் கூப்பிடுவார்கள், போங்கள். வேலை முடிந்ததும் 'முழு திருப்தி' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பாம்பன் பாலம் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல் பின் சக்கரம் இரண்டிலும் சொட்டுத் தண்ணீர் தெளித்து, இடது பக்கம் மட்டும் சுரீர் என்று கொதிக்கவில்லை என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.