மீன்குழம்பின் மேல் பழி வேண்டாம்

சகோதரி, கணவருக்கு மூச்சுப் பரிசோதனையில் வயிற்றில் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமி இருப்பது தெரிந்ததும், உங்கள் மாமியார் மீன்குழம்பின் காரத்தைக் குற்றம் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். குழம்பு பாவம், விட்டுவிடச் சொல்லுங்கள்! மிளகாய்ச் சம்பால் இல்லாமல் சோறு இறங்காத மலாய்க்காரர்களிடம்தான் இங்கே மலேசியாவில் இந்தக் கிருமி குறைவு. இந்தியரிடமும் சீனரிடமும் அதிகம்.

இது பெரும்பாலும் சிறு வயதில் வீட்டுக்குள்ளேயே, தாயிடமிருந்தோ உடன்பிறந்தவர்களிடமிருந்தோ தொற்றுவது. நெருக்கடியான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், கழிப்பறை வசதிக் குறைவு ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டுபவை. உங்கள் கணவர் ஊரில் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர் என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

இந்தக் கிருமியால் வரக்கூடிய வயிற்றுப் புற்றுநோய் சீனரைவிட இந்தியருக்குக் குறைவு என்பது உண்மைதான். அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். வழக்கமாக 14 நாள் தருவார்கள். வாயெல்லாம் கசக்கும், பலர் பாதியில் நிறுத்துவது அதனால்தான். அப்படி நிறுத்திக் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டால் அடுத்த சுற்று இன்னும் கடினம்.

முடித்துக் குறைந்தது 4 வாரம் கழித்து மீண்டும் மூச்சுப் பரிசோதனை. அதற்கு 2 வாரம் முன்பே ஒமெப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு நிறுத்த வேண்டும்; இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டிவிடும்.