கடல் ஏறியதா, தரை இறங்கியதா?

கேள்வி: மும்பையில் பிரின்சஸ் டாக் என்ற கப்பல்துறையைத் தோண்டும்போது கடலுக்கடியில் ஒரு காடே கிடைத்ததாமே! கடல் ஏறி மூழ்கடித்ததா, தரை தாழ்ந்ததா?
- வாசகி, செம்பூர்

பதில்: 1870களின் கடைசியில் கிடைத்தது. வேலியிறக்க மட்டத்துக்கும் கீழே, களிமண்ணில் புதைந்த மரங்கள். அவற்றில் பல, வேர் மண்ணைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றன. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வெள்ளம் அடித்து வந்த மரமாக இருந்தால் படுத்துக் கிடக்கும். அடுத்தது, என்ன மரம் என்பது. அங்கே இருந்தவை வெற்றிலைக்குக் காசுக்கட்டி தரும் கைர் மரங்கள். கண்டல் மரம் உப்பு நீரில் நிற்கும், கைர் நிற்காது. ஆக, அது ஒரு காலத்தில் காய்ந்த தரை.

அதை வைத்து மட்டும் ‘தரை தாழ்ந்தது’ என்று சொல்லிவிட முடியாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. மரங்கள் அதற்கு மூத்தவை என்றால் கடல் ஏறியதே போதிய காரணம். இளையவை என்றால் தரை இறங்கியிருக்க வேண்டும். வழக்கே மரத்தின் வயதில்தான் இருக்கிறது.

கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் ‘கார்பன் தேதி’க்கு மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். தண்டின் நடுவிலுள்ள வைரக்கட்டை, மரம் சாவதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. பட்டைக்கு அடுத்த வளையத்தை எடுப்பதே சரி. கிளிஞ்சல் என்றால் கடல்நீரிலுள்ள பழைய கார்பனால் வயது சுமார் 400 ஆண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் கழிக்க வேண்டும். ‘கடல் மட்டத்துக்குக் கீழே’ என்றால் எந்த மட்டம்? மும்பையில் பௌர்ணமி, அமாவாசை வேலியேற்றம் 5 மீட்டரை நெருங்கும். அடிப்படை மட்டத்தைக் குறிக்காத அளவீடு வீண்.

மும்பையின் வடமேற்குக் கரையில் மனோரிப் பக்கம் கிளிஞ்சலும் மணலும் இறுகிய பாறை உண்டு. இரண்டு ஓடும் மூடியபடி இருந்தால் அந்த உயிர் அங்கேயே வாழ்ந்தது. உடைந்து கலந்திருந்தால் அலையோ புயலோ வாரிக் கொட்டியது; அதை வைத்துப் பழைய கடல் மட்டத்தைக் கணிப்பது ஆபத்து.

கேள்வி: எவரெஸ்ட் உச்சியில் கடல்வாழ் உயிர்களின் படிமம் இருக்கிறதே, கடல் அவ்வளவு உயரம் ஏறியதா?
- வாசகர், மாட்டுங்கா

பதில்: இல்லை. உலகப் பனி முழுதும் உருகினாலும் கடல் 70 மீட்டர் அளவுக்குத்தான் ஏறும். எவரெஸ்ட்டோ 8,849 மீட்டர். உச்சியில் இருப்பது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய, கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா இருக்கும் நிலத்தட்டு ஆசியாவை மோதி மடித்து அதை மேலே தள்ளியது. மலையைத் தாங்குவது அடியில் இறங்கியிருக்கும் தடித்த புவி ஓடு. பெரிய கட்டை நீரில் ஆழமாக அமிழ்ந்து மிதப்பது போல என்று 1855-லேயே ஜார்ஜ் ஏரி (George Airy) என்ற பிரிட்டிஷ் அறிஞர் சொன்னார். மேற்பரப்பை ஆறுகள் அரிக்க அரிக்க எடை குறையும். அடிப்பகுதி மெல்ல மிதந்து எழும்.