டோனெபெசில் கொடுத்தும் ஞாபகம் திரும்பவில்லை, நிறுத்திவிடலாமா?

உங்கள் அப்பாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய், ஆறு மாதமாக டோனெபெசில் கொடுக்கிறீர்கள், ஞாபகம் திரும்பவில்லை. இந்த மாத்திரை மூளையில் ஏதாவது செய்கிறதா, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் என் மாமியாருக்கும் இதே நோய், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது நான்தான்.

நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். கவனம் நிலைப்பதும் புதிய விஷயம் மனதில் பதிவதும் இதை நம்பித்தான். இதைச் சுரக்கும் செல்கள் மூளையின் அடிப்பக்கம் இருக்கின்றன. அல்சைமரில் அவை வெகுவாக அழிந்துபோகின்றன. மிச்சமுள்ளவை சுரப்பதையும் ஒரு நொதி உடனுக்குடன் உடைத்துப்போடும். டோனெபெசில் அந்த நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் குறைந்த விளக்கில் திரியைத் தூண்டிவிடுகிற மாதிரி. அழிந்த செல் பிழைக்காது, நோயும் நிற்காது. ஆனால் இருக்கிற செல்கள் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். இந்த நோயில் மூளை அலைகள் மந்தமாகிவிடும். மருந்து எடுப்பவர்களிடம் அந்த மந்தம் ஓரளவு குறைவதை, மூளை அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் பேரன் பெயர் ஞாபகம் வருகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அன்றாட வேலைகளைப் பாருங்கள். என் மாமியார் மாத்திரைக்கு முன்பு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு முந்தானை எது, கொசுவம் எது என்று தெரியாமல் நிற்பார். சில வாரம் கழித்து, தலைப்பை எடுத்துக் கையில் கொடுத்தால் மீதியைத் தானே கட்டிக்கொண்டார். டிவி சீரியலில் யார் யாருக்கு என்ன உறவு என்பது இன்று வரை பிடிபடவே இல்லை. ஆனால் எனக்குப் புடவை பெரிய விஷயம்.

2012-இல் பிரிட்டனில் டொமினோ என்று ஓர் ஆய்வு வந்தது. நோய் நடுத்தர நிலையிலோ கடுமையான நிலையிலோ இருந்த 295 பேர், எல்லோரும் ஏற்கெனவே டோனெபெசில் எடுத்தவர்கள். சிலருக்குத் தொடர்ந்தார்கள், சிலருக்கு நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் இரு தரப்பும் சரிந்தது, நிறுத்தியவர்கள் கூடுதலாகச் சரிந்தார்கள். ஞாபகம், சிந்தனைத் திறனை அளக்கும் 30 மதிப்பெண் சோதனையில் சராசரி வித்தியாசம் 1.9 தான். சின்ன எண்தான், ஆனால் அந்த நிலையில் அது தானாகச் சாப்பிடுவதற்கும் ஊட்டிவிடுவதற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அப்பா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அடிக்கடி சிறுநீர் வருவதற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதும் அமிட்ரிப்டிலின் இவையெல்லாம் அசிட்டைல்கோலின் வேலையை மறிப்பவை. காலையில் டோனெபெசில், இரவில் இவற்றில் ஒன்று என்றால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். மாமியாருக்கு ஒரு முறை சளிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். அன்று இரவு அறையில் குழந்தைகள் விளையாடுவதாகச் சொல்லி விடிய விடிய உட்கார்ந்திருந்தார். நரம்பியல் மருத்துவர் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்து அதை எடுத்துப் போட்டார். இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது.

பக்க விளைவையும் கவனியுங்கள். குமட்டல், பேதி, பசியின்மை வரலாம். கெட்ட கனவு வந்தால் ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நாடி மெதுவாகிவிட்டால் மயங்கி விழ வாய்ப்புண்டு, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடை குறைந்துகொண்டே போனாலோ நாடி தளர்ந்தாலோ நிறுத்துவதுகூடச் சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் அதை மருத்துவர் பார்த்து, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் செய்ய வேண்டும்.

அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சர்க்கரை, பிரஷர் மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அப்பா தானாகச் செய்கிற வேலைகளையும் விட்டுப்போன வேலைகளையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.