எஞ்சினை ஏரியில் போடாதீர்கள்

கேள்வி: வயது 26, தாம்பரத்தில் இருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்காகப் பழைய பாகங்களை வாங்கி ஒரு யமஹா ஆர்15 கட்டிக்கொண்டிருக்கிறேன். சேஸி வேலூரில் ஒருவரிடம் வாங்கிய விபத்து வண்டி, ஆர்.சி. என் கையில் இருந்தாலும் இன்னும் அவர் பெயரில்தான். எஞ்சின் புதுப்பேட்டையில் ஒரு கடையில் 14,000 ரூபாய். 4,000 ஜிபே, மீதி ரொக்கம், பில் கிடையாது. போன வாரம் ஒரு காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. பைக் திருட்டில் பிடிபட்டவன் அந்தக் கடைக்கு எஞ்சின் விற்றிருக்கிறானாம், "எஞ்சினை எடுத்துட்டு வா" என்கிறார்கள். நண்பன் ஏரியில் போட்டுவிடச் சொல்கிறான். என்னைக் கைது செய்வார்களா? வண்டியை டிராக் வரை ஓட்டிப் போகலாமா?

பதில்: நண்பர் சொன்னதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்றைக்கு நீங்கள் ஏமாந்த வாடிக்கையாளர். எஞ்சின் தண்ணீருக்குள் போன நிமிஷமே தடயத்தை மறைத்தவர் ஆகிவிடுவீர்கள். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. ஜிபேயில் உங்கள் பெயர் நிற்கிறது. எஞ்சின் எங்கே என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

திருட்டுப் பொருளை வாங்கியதற்கு அதே சட்டத்தில் உள்ள பிரிவு 317(2). மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பொருள் திருட்டுப் பொருள் என்பது மட்டும் போதாது. அது திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கியிருக்க வேண்டும். உங்கள் வழக்கு முழுவதும் "நம்பக் காரணம்" என்ற இரண்டு வார்த்தையில் நிற்கிறது.

இன்று மாலையே ஒரு டார்ச்சோடு எஞ்சின் பக்கத்தில் உட்காருங்கள். கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூட்டில்) எண் பொறித்த இடத்தின் தூசியை வெறும் துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். கம்பெனி பொறித்த எண் என்றால் பெரும்பாலும் சுற்றியுள்ள உலோகமும் அதே பழைய நிறத்தில், அதே சொரசொரப்போடு இருக்கும். கிரைண்டர் பட்ட இடம் தேய்த்த பாத்திரம் மாதிரி வழவழவென்று, லேசாகக் குழிந்திருக்கும். மறுபடி பஞ்ச் அடித்திருந்தால் ஓர் எழுத்து ஏறியும் ஓர் எழுத்து இறங்கியும் நிற்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சுரண்டாதீர்கள். அழித்த எண்ணைத் தடய அறிவியல் துறையினர் ரசாயனம் தடவி மீட்டெடுக்க முடியும். நீங்கள் கை வைத்தால் பழி உங்கள் மேல்தான் விழும்.

எண் சுத்தமாக இருந்து, விலையும் சந்தையில் எல்லோரும் கொடுக்கும் விலைதான் என்றால், பெரும்பாலும் நீங்கள் சாட்சியாக நிற்பீர்கள். எண் அழிக்கப்பட்டிருந்தால், பார்த்துத்தானே வாங்கினாய் என்ற கேள்வி வரும். அப்போது வக்கீல் இல்லாமல் ஸ்டேஷன் படி ஏறாதீர்கள்.

போனில் கூப்பிட்டதால் ஓட வேண்டியதும் இல்லை, ஒளிய வேண்டியதும் இல்லை. எழுத்தில் சம்மன் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். அதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 179-வது பிரிவு என்றிருந்தால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்றிருந்தால் உங்கள் மேல் சந்தேகம். இரண்டாவதாக இருந்தாலும், சொன்ன தேதியில் ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும். எஞ்சினை ஒப்படைத்ததும், எஞ்சின் எண் எழுதிய பறிமுதல் மகஜரின் (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவு) நகலைக் கேட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எஞ்சின் திருட்டுப் பொருள் என்று உறுதியானால் அது உங்களுக்குத் திரும்பாது. விற்றவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவனுக்கு வராது, அவன் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும். மனசு கஷ்டப்படும், எனக்குப் புரிகிறது. ஆனால் பொருள் தன்னுடையது என்று கடைக்காரர் அளித்த உறுதி 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி விற்பனையிலேயே அடங்கியது. 14,000 ரூபாயைக் கேட்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். புதுப்பேட்டையில் ஆர்.சி. நகலோடு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த எஞ்சினை அவர்களிடம் வாங்குங்கள்.

டிராக் வரை ஓட்டிப்போவதா? கூடாது. ஆர்.சி.யில் உள்ள எண் வேறு, எஞ்சின் எண் வேறு. அனுமதியில்லாமல் எஞ்சினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு எதிரானது; 182ஏ(4) படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்ஷூரன்சும் இல்லாமல் நெடுஞ்சாலையில் யார் மேலாவது மோதினால் நஷ்டஈட்டை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். வேலூர்க்காரரும் மாட்டுவார். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் சொல்லிவிட்டது. வண்டி போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கிற மனுஷனை இதில் இழுத்துவிடாதீர்கள். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

 டிராக்குக்குக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போங்கள். இனி ரோட்டுக்கே வராது என்று முடிவெடுத்தால், பெயர் மாற்றத்துக்குப் பிறகு பதிவை ரத்து செய்யக் கேட்டு ஆர்.டி.ஓ.வில் எழுதிக்கொடுக்கலாம். அந்தக் கடிதத்தின் நகலும், வேலூர்க்காரர் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டும் வண்டி கூடவே இருக்கட்டும்.

ஸ்டேஷனுக்குப் போகும் அன்று ஜிபே ரசீதைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், வீட்டில் அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்லி ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.