வாசகர் கேள்வி – பதில்: மதிப்பெண் போடுபவரிடம் மனம் திறக்குமா?

கேள்வி: நான் செவிலியர் கல்லூரி ஒன்றில் ஆசிரியை. கொரோனா இரண்டாம் அலையின்போது எங்கள் இறுதியாண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவியர் கொரோனா வார்டில் பணியாற்றினார்கள். அப்போது ஒருத்தியும் குறை சொல்லாததால், எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள் என்றே நம்பினேன். இப்போது வேறொரு மருத்துவமனையில் பணிபுரியும் அவர்களில் ஒருத்தி, இன்றும் மானிட்டர் ஒலித்தால் கை நடுங்குகிறது என்று அண்மையில் சொன்னாள். அன்றே ஏன் சொல்லவில்லை? நான் எங்கே தவறினேன்?
– ஓர் ஆசிரியை, மதுரை மாவட்டம்

பதில்: உங்கள் மீது அன்பில்லாததால் அவர்கள் மௌனமாக இருந்திருக்க மாட்டார்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுபவரும், பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்திடுபவரும் நீங்கள்தானே? 'மேடம், அந்த வார்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது' என்று அதே மேடத்திடம் சொல்ல, படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் பெண்ணுக்கு எப்படி வாய் வரும்?

இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த செவிலிய மாணவர்களை, மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் முழுநேரக் கொரோனாப் பணியில் அமர்த்தலாம் என்று ஒன்றிய அரசு 2021 மே மாதம் அறிவித்தது. ஆனால் ஆள் போதாத இரவுகளில் மேற்பார்வையிட வேண்டியவரே படுக்கைக்குப் படுக்கை ஓடிக்கொண்டிருந்தார். உறவினர் உள்ளே வர முடியாத நிலையில், மூச்சுத் திணறும் ஒருவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்து, மறுமுனையில் மகன் கதறுவதைக் கேட்டுக்கொண்டே நின்ற மாணவிக்கு, பிபிஇ உடைக்குள் தன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் ஆக்சிஜனோ படுக்கையோ இல்லாமல் கைகட்டி நின்ற வேதனையை உளவியலாளர்கள் அறக்காயம் என்கிறார்கள். நான்கு நாள் விடுப்பில் அது ஆறிவிடுவதில்லை.

இந்த மௌனம் பழையது. 1950-களின் இறுதியில் லண்டன் பயிற்சி மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ், அங்கே பயிற்சிச் செவிலியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே விலகியதைக் கண்டார். நோயாளியைப் பெயர் சொல்லாமல் 'பத்தாம் படுக்கைக் கல்லீரல்' என்று குறிப்பிடுவது, மாணவியரை வார்டு வார்டாக மாற்றிக்கொண்டே இருப்பது, உணர்ச்சியைக் காட்டினால் கண்டிப்பது ஆகியவை எல்லாம், அச்சத்தை நேரில் பார்க்காமலிருக்க மருத்துவமனையே வளர்த்துக்கொண்ட வழக்கங்கள் என்று அவர் விளக்கினார். நம் வார்டுகளிலும் இவற்றைப் பார்க்கிறோம். நீங்களும் நானும் இவற்றுக்குள்தான் தொழில் கற்றோம். எனவே பழி முழுவதையும் உங்கள் தலையில் சுமக்காதீர்கள்.

உங்கள் கல்லூரியில் மாற்றக்கூடியது ஒன்று உண்டு. மதிப்பெண்ணுக்கும் வருகைப் பதிவுக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவரை, முடிந்தால் வெளியிலிருந்து ஓர் உளநல ஆலோசகரை, மாணவியர் தனியே சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். வார்டில் முதன்முதலாக ஒரு மரணத்தைப் பார்த்தவளை, அன்றைய டியூட்டி முடிந்ததும் யாராவது உட்காரவைத்துப் பேசவிட வேண்டும்; கேஸ் ஷீட்டைப் பற்றிய கேள்விகள் மறுநாளுக்குக் காத்திருக்கலாம்.

அந்தப் பெண்ணை இந்த வாரமே அழையுங்கள். அன்று நீங்கள் கேட்கத் தவறியதை இப்போது கேளுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நடுக்கம் நீடிப்பதால் அவள் உளநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம்; முதற்படியாக, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தான் வேலை செய்யும் இடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அவள் தயங்கினால், சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும்படி 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவர்களைக் கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லுங்கள். முதல் முறை அவள் மறுத்தால், அடுத்த வாரம் மீண்டும் அழையுங்கள்.